அறுபத்து நான்கு தாங்கிகள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அலுமினிய வேலை செய்கிறவர்கள் மத்தியில் அவர் ரசமட்டம்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். ஜன்னல் சட்டம் பொருத்தப் போனாலும் சரி, விருந்துக்குச் சாப்பிடப் போனாலும் சரி, அதை எடுத்து எதன் மேலாவது வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர், ஊசி போட்டு மரத்துப்போன நாக்கோடு குழறிக் குழறி, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

பட்டறைக்கு ஒரே கூரை, நடுவில் இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் உருக்கி வார்க்கிற வேலை. இந்தப் பக்கம் வெட்டுவது, ஒட்டுவது, பொருத்துவது. அந்தப் பக்கம் மச்சானுடையது. மச்சான் என்றால் ரசமட்டத்தின் மனைவிக்கு அண்ணன். உலையும், அலுமினியம் உருகும் மூசையும், அச்சுக்கான ஈரமணலும், மணல் இடிக்கிற பெட்டிகளும் அவர் ராஜ்ஜியம். இந்தப் பக்கம் அறுக்கும் மெஷின், கிரைண்டர், ஆர்கான் வெல்டிங் செட், அளவு வாரியாகச் சுவரில் மாட்டிய கிளாம்புகள் எல்லாம் ரசமட்டத்தினுடையவை. அந்தப் பக்கத்து மணல் இந்தப் பக்கம் வருகிறது என்று இவர் சொல்வார். இந்தப் பக்கத்து கிரைண்டர் சத்தத்தில் தன் உலை என்ன சொல்கிறது என்றே கேட்கவில்லை என்று அவர் சொல்வார். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவரின் மேல் டீ டம்ளர்களை வைத்துக்கொண்டு இதே சண்டைதான். ஒருநாள் சண்டை வராவிட்டால் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது போல இருக்கும்.

ரசமட்டத்துக்குக் கல்யாணம் ஆனதே அந்த உலையடியில்தான் என்று சொல்லலாம். அப்போது அவர் வேறொரு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வார்ப்பு ஒன்று வாங்க வந்தவர், முழங்கை வரை தோல் கையுறை போட்டுக்கொண்டு உருகிய உலோகத்தின் மேலிருந்து கசடு வழித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். முதல்முதலாக அவளிடம் அவர் பேசியது, “உலை மேடை கொஞ்சம் சாஞ்சிருக்குங்க” என்பது. அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே, “சாஞ்சா உங்க மேல விழாது, தள்ளி நில்லுங்க” என்றாள். அன்று தள்ளி நின்றவர் பிறகு தள்ளிப் போகவே இல்லை. மகள் பிறந்ததும் அவள் உலைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். மனைவி பட்டறைக்கு வரும் ஆர்டர்களைக் கவனிப்பது, போனில் பேசுவது, வராத லாரியை விரட்டுவது என்று இருந்தாள்.

அந்த வருடம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வந்தது. பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள் எல்லாம் மறுபடியும் நடந்து பழகுவதற்கு என்று அங்கே ஒரு நீளமான கூடம் கட்டியிருந்தார்கள். இரண்டு சுவரிலும் இடுப்புயரத்தில் கைப்பிடிக் கம்பி ஓட வேண்டும். கம்பி அலுமினியப் பைப். அதைச் சுவரோடு பிடித்து நிறுத்த, சுவருக்கு முப்பத்திரண்டாக அறுபத்து நான்கு தாங்கிகள். பட்டறைப் பேச்சில் பிராக்கெட். பயிற்சி கொடுக்கிற அம்மாவே வந்து அளவு சொல்லிவிட்டுப் போனார். அவர் டாக்டர் இல்லை. ஆனாலும் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திருத்தித் திருத்திச் சலித்துப் போயிருந்தார். “கால் கைவிட்டுட்ட ஆளுங்க இதைத்தான் நம்புவாங்க. அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க” என்று அவர் சொன்னது ரசமட்டத்துக்குப் பிடித்திருந்தது.

மச்சான் மரத்தில் மாதிரி செய்தார், மணலில் அச்சு எடுத்தார், நான்கு தடவை மூசை வைத்து உருக்கி, தடவைக்குப் பதினாறும் உபரியாக ஒன்றிரண்டுமாக வார்த்து முடித்தார். ரசமட்டம் அவற்றைத் தேய்த்து, துளை போட்டு, மெருகேற்றினார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல அத்தனையும் ஒரே அச்சாகப் பளபளத்தன.

பொருத்துகிற வேலை பத்து நாள் பிடிக்கும் என்று ரசமட்டம் சொல்லியிருந்தார். இடது சுவர் நான்கு நாளில் முடிந்தது. முடிந்த அன்றே டாக்டரம்மா நோயாளிகளை அந்தப் பக்கமாக நடக்க விட்டுவிட்டார். சாயங்காலம் நான்கு மணிக்கு வருகிறவர்களில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். பெரிய உருவம். நாலு மாதத்துக்கு முன் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது இடது கையால் கம்பியைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் சாய்த்து, வலது காலை இழுத்து இழுத்து வைப்பார். ஒவ்வொரு தாங்கியும் அவருக்கு ஒரு பஸ் ஸ்டாப். முதலாவது டெப்போ, அடுத்தது மார்க்கெட், அதற்கடுத்தது தபாலாபீஸ். ஐந்தாவது ஸ்கூல் ஸ்டாப். அங்கே மட்டும் கூடுதலாக ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்குவார். என்ன என்று கேட்டால், “பிள்ளைங்க ஏற வேணாமா” என்பார். முதல் நாள் மூன்றே ஸ்டாப். நான்காம் நாள் ஒன்பது. எதிர்ச்சுவரில் வேலை செய்துகொண்டிருந்த ரசமட்டத்தைப் பார்த்து, “உங்க ரோடு நல்லாருக்கு, குழியே இல்ல” என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க ரசமட்டத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்கு மறுநாள் வலது சுவரில் ஒரு தூண் குறுக்கிட்டது. சுவரை விட நான்கு விரற்கடை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்துத் தாங்கியின் கையைக் கொஞ்சம் குறைத்து ஒட்டினால்தான் கம்பி நேராக ஓடும். ரசமட்டம் ஒரு தாங்கியை இடுக்கியில் இறுக்கி ரம்பத்தைப் போட்டார். ரம்பம் வழக்கத்தைவிட லேசாக இறங்கியது. வெட்டி எடுத்த முகத்தைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளியே கண்ணாடி போல இருந்த உலோகம் உள்ளே ரொட்டியை நறுக்கி வைத்தது போல ஊசித்துளையாக இருந்தது.

பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அறுத்தார். உள்ளே கெட்டியாக, சுத்தமாக இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மூன்றாவதை அறுத்தார். மறுபடியும் துளை. வார்த்த நான்கு தடவையில் ஏதோ ஒன்றோ இரண்டோ கெட்டுப்போயிருக்கிறது. எது எந்தத் தடவையில் வந்தது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. எல்லாவற்றையும் கலந்து மெருகேற்றியவர் அவரேதான்.

நிமிர்ந்து பார்த்தபோது பஸ் டிரைவர் எதிர்ச்சுவரில் ஏழாவது ஸ்டாப்பில் சாய்ந்து நின்று, முகத்து வியர்வையை வழித்துக்கொண்டிருந்தார்.

ரசமட்டம் சாமான்களைக் கட்டினார். நாளைக்கு முடிந்துவிடுமா என்று டாக்டரம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மனசு தன்பாட்டுக்கு வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. தேவைக்கு மேல் மூன்று பங்கு கனமாகத்தானே வார்த்திருக்கிறோம். ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பது தாங்காதா. நாலு நாளாக அந்த மனுஷன் சாய்கிறாரே, ஏதாவது ஆயிற்றா. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மச்சானின் முகம். முப்பது வருட உலைக்காரர். அவர் வார்ப்பில் துளை என்று ஊருக்குள் பேச்சு வந்தால், அதைக் கொண்டுவந்தது தங்கை புருஷன் என்றால், வீட்டில் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டாவது சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவர் யார் என்று எட்டிப் பார்த்தா ஏறியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. பச்சை விழுந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார்.

டாக்டரம்மா கூடத்தைப் பூட்டப் போகிற நேரம். நாளையிலிருந்து யாரும் அந்தக் கம்பியைப் பிடிக்கக் கூடாது என்று ரசமட்டம் சொன்னதும், அந்த அம்மா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

“உடைஞ்சிடுமா?”

“உடையும்னு சொல்லலீங்க. உடையாதுன்னு என்னால சொல்ல முடியல.”

டாக்டரம்மா கத்தவில்லை. ஏன், எப்படி என்றும் துருவவில்லை. உள்ளே போய் ஒரு கயிறு எடுத்து வந்து, கூடத்து வாசலின் குறுக்கே தானே கட்டினார். ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டுவிட்டு, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்று ரசமட்டம் உள்ளதைச் சொன்னார். பஸ் டிரைவருக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

பட்டறைக்கு வந்தபோது மச்சான் நாளைய வேலைக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். ரசமட்டம் வெட்டிய துண்டை டீ டம்ளர் வைக்கிற சுவரின் மேல் வைத்தார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை எடுத்தார். எடுத்தவர் வெட்டுமுகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவினார். தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்து, தலையை ஒருக்களித்து மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

பழைய உலோகத்தில் ஈரம் இருந்திருக்கும் என்றார். பிறகு, உலைக்குப் போடுகிற வாயு மாத்திரையில் சரக்கு சரியில்லை என்றார். உருகிய அலுமினியத்துக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற ஒரு மாத்திரை போடுவார்கள். தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறந்தாலும் அதை மறக்காதவர் மச்சான். அதே சரக்கைத்தானே மற்ற தடவைக்கும் போட்டீர்கள், அது நன்றாக வந்திருக்கிறதே என்று ரசமட்டம் கேட்டார். மச்சான் பிடிகொடுக்கவில்லை. மழைக்காற்று என்றார். எந்த மழை என்று ரசமட்டம் கேட்டார். குரல் இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கியது. இது தினப்படிச் சண்டை இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

மனைவி போனை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் துண்டைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து உலையின் வெப்பம் பார்க்கிற மீட்டரை எடுத்து, சுவிட்சைத் தட்டி, ஒரு கை தூரத்தில் நீட்டிப் பிடித்தாள்.

“அண்ணே, இது எவ்வளவு காட்டுது?”

“அறைச் சூடுதானே. முப்பது இருக்கும்.”

“எவ்வளவு இருக்கும்னு கேக்கல. காட்டுறதைச் சொல்லு.”

மச்சான் கண்ணைச் சுருக்கினார். தலையை முன்னால் கொண்டுவரப் போனவர், தங்கை பார்க்கிறாள் என்று நிறுத்திக்கொண்டார்.

“இருபத்திரெண்டு.”

அவள் மீட்டரைக் கணவர் பக்கம் திருப்பினாள். இருபத்தெட்டு என்று சிவப்பு எழுத்தில் நின்றது.

மூன்று பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அலுமினியத்தை எழுநூற்று இருபதில் வார்க்க வேண்டும். சிவப்பு நூலாகத் தெரிகிற அந்த எண்களில் கலங்கிய கண்ணுக்கு இரண்டும் எட்டும் ஒன்றுதான். எழுநூற்று எண்பது வரை ஏறவிட்டு, இருபது என்று நினைத்து வார்த்திருக்கிறார். அளவுக்கு மீறிச் சூடேறிய அலுமினியம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். உறைகிறபோது அதையெல்லாம் துளையாகக் கக்கும். இரும்பு போல அது சிவந்து காட்டிக்கொடுக்காது. எந்தச் சூட்டிலும் வெள்ளிப் பாலாகவே மினுக்கும். மீட்டரை விட்டால் வேறு சாட்சி இல்லை.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டாள்.

“எட்டு மாசம் இருக்கும். எதைப் பாத்தாலும் மேல ஒரு ஆவி படிஞ்சாப்புல இருக்கு. முதல்ல கண்ணாடியைத் துடைச்சேன். கண்ணாடியில ஒண்ணும் இல்ல.”

“ஏன்ணே சொல்லல?”

“சொன்னா நீ உலையை அணைச்சிருப்ப.”

“அணைச்சுத்தான் இருப்பேன்.”

“அதான் சொல்லல, பாப்பா.”

நாற்பத்தைந்து வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். கண் டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னாள். வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான், பெரிய எழுத்து மீட்டராக ஒன்று வாங்கினால் போதும் என்று அவர் மழுப்பினார். மேலே கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார் போல இருந்தது. ரசமட்டத்துக்குக் கோபம் இருந்தது. ஆனால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சலித்த மணலையே மறுபடியும் சலிக்க ஆரம்பித்த அந்த மனிதரிடம் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. நாளைக் காலையில் எல்லாவற்றையும் கழற்றப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “நானும் வர்றேன் மாப்பிள்ளை. என் சரக்கு” என்று மச்சானின் குரல் வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் கயிற்றைத் தாண்டிக் கூடத்துக்குள் போனார்கள். ரசமட்டம் கம்பியின் ஒட்டுகளை அறுத்து இறக்க, மச்சான் சுவரோடு உட்கார்ந்து தாங்கிகளின் போல்ட்டுகளைக் கழற்றினார். ஸ்பேனரைப் போல்ட்டின் தலையில் மாட்டுவதற்கு அவர் விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வதை ரசமட்டம் அன்றுதான் கவனித்தார். எத்தனை நாளாக அப்படிச் செய்கிறாரோ. பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படவில்லை. குமிழி ஒரு மயிரிழை நகர்ந்தால் தெரிகிற கண்தான் அவருடையது.

நான்கு மணிக்குப் பஸ் டிரைவர் சக்கர நாற்காலியில் வந்தார். கயிற்றைப் பார்த்தார், வெறும் சுவரைப் பார்த்தார்.

“ரூட்டையே தூக்கிட்டீங்களா?”

ரசமட்டம் சங்கடத்தோடு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மச்சானைக் காட்டிக்கொடுக்காமல், வார்ப்பில் ஒரு குறை, திரும்பச் செய்து தருகிறோம் என்றார். ஆனால் மச்சான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, குறை வார்ப்பில் இல்லை, வார்த்தவன் கண்ணில் என்று சொல்லிவிட்டார். டிரைவர் சொல்லி, டாக்டரம்மா கயிற்றை அவிழ்த்து நாற்காலியை மச்சான் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த அம்மா டிரைவரின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் அதைப் பற்றி அக்கறையே இல்லாதவர் போலப் பேசினார்.

“எனக்கு இது வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே வலது கால் மரத்துப் போச்சு. ஆக்சிலேட்டர் மிதிக்கிறது எனக்கே தெரியாது, என்ஜின் சத்தத்தை வச்சுத்தான் மிதிச்சேனா இல்லையான்னு கண்டுபிடிப்பேன். டெப்போவுல சொன்னா இறக்கி விட்டுருவாங்க. இருபத்தாறு வருஷம் ஓட்டினவன் ஆபீஸ்ல உக்காந்து டிக்கெட் கட்டு எண்ணணும். அதனால வாயைத் திறக்கல. நாலு நாள். ஒவ்வொரு நாளும் பஸ் நிறைய ஆளு.”

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அப்புறம்?”

“ஒண்ணும் ஆகல. அஞ்சாம் நாள் காலைல வீட்டுல பல் விளக்குறப்ப விழுந்தேன். அந்த இடத்துல, அந்த நேரத்துல விழுந்தது என் சாமர்த்தியம் இல்ல. இப்பவும் கண்ணை மூடினா பஸ்ஸுல உக்காந்திருந்த முகமெல்லாம் வருது. நல்லா இருக்கிற முகம்தான். ஆனா வருது.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரி டீயில் தண்ணீரைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரம்மாவிடம் வம்புக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டார். மச்சான் மீதிப் போல்ட்டுகளைக் கழற்றி முடித்தார். பெட்டியில் மிச்சமிருந்ததையும் சேர்த்து அத்தனையையும் மூட்டையில் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். ரசமட்டம் வண்டியைக் கிளப்பியதும் மச்சான் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

“கண்ணாஸ்பத்திரி வழியா போங்க, மாப்பிள்ளை. எனக்கு மனசு மாறுறதுக்குள்ள.”

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். முதல் கேள்வியே, நெருப்பு முன்னால் நிற்கிற வேலையா என்பதுதான். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. மச்சான் எட்டு மாதமாக மனசுக்குள் என்னென்னவோ பெரிய பெரிய பெயர்களாக வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருந்தது, அரை மணி நேர ஆபரேஷனில் சரியாகிற விஷயம். ஒரு கண் இப்போது, இன்னொன்று மூன்று வாரம் கழித்து. அதுவரைக்கும், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும், உலைப் பக்கமும் மணல் பக்கமும் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வெளியே வந்து படியில் உட்கார்ந்த மச்சான் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரசமட்டம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படிக்கட்டு சாய்வாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று எதையோ சொல்லி நேரத்தைக் கடத்தினார்.

ஆஸ்பத்திரிக் கூடம் இரண்டு மாதம் காத்திருக்குமா? வெளியில் கொடுத்து வார்த்து வாங்கலாம் என்று ரசமட்டம் சொன்னார். மனைவி பரணிலிருந்து ஒரு பழைய டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். அதற்குள் அவளுடைய தோல் கையுறையும் முகக்கண்ணாடியும் இருந்தன. கையுறை விறைத்துப்போயிருந்தது. இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் தடவிப் பதப்படுத்தினாள்.

வார்ப்பவள் அவள் என்றானதும், மணல் இடிக்கிற வேலை ரசமட்டத்தின் தலையில் விழுந்தது. அதுபோலச் சிரிப்பாய்ச் சிரித்த ஒரு வாரம் அந்தப் பட்டறையில் அதற்குமுன் வந்ததில்லை. மணலை இடித்து மட்டப்படுத்தியவர், பழக்கதோஷத்தில் அதன் மேலேயே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். எடுத்தபோது அச்சின் ஒரு மூலை அதோடு சேர்ந்து வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த மச்சானுக்கு, உள்ளே வரத்தான் தடை, வாய்க்குத் தடையில்லை. இடிக்கிற சத்தத்தைக் கேட்டே, “இடது மூலையில இன்னும் நாலு போடுங்க மாப்பிள்ளை, பஞ்சு மாதிரி கேக்குது” என்பார். போட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தால் அந்த மூலை உண்மையிலேயே பஞ்சாகத்தான் இருந்திருக்கும்.

அவளுக்கும் முதல் தடவை சரியாக வரவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு மூசையைத் தூக்கியவள், ஊற்றுகிற நேரத்தில் ஒரு நொடி தயங்கிவிட்டாள். உலோகம் பாதி வழியில் உறைந்து, தாங்கிகள் எல்லாம் கை முளைக்காத பொம்மைகளாக வந்தன. அவள் அத்தனையையும் திரும்ப மூசைக்குள் போட்டாள். அண்ணன் வெளியிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். “தயங்கிட்டேன்” என்றாள். சூடு சரியென்றால் கையைப் பற்றி யோசிக்காதே, அச்சின் வாயை மட்டும் பார் என்று அவர் சொன்னார். அது எனக்குத் தெரியாதா என்று அவள் எரிந்து விழுந்தாள். அடுத்த தடவை எழுநூற்று இருபதில் மீட்டர் நின்றதும், ஒரே சீராகப் பால் ஊற்றுவது போல ஊற்றி முடித்தாள். ஆறியபின் மணலை உடைத்துப் பார்த்தபோது பதினாறும், அறுத்துப் பார்க்க என்று வார்த்த உபரியும் முழுசாக இருந்தன. ரசமட்டத்தின் கண் ஏனோ கலங்கியது. உலைப் புகை என்று அவரே சொல்லிக்கொண்டார். அலுமினிய உலையில் அவ்வளவு புகை வராது.

இந்த முறை அவர் ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி எண் வைத்து, தாங்கியின் அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் பஞ்ச் அடித்தார். தடவைக்கு ஒன்றை எடுத்து நடுவில் அறுத்துப் பார்த்தார். நான்கு தடவையிலும் உள்ளே கெட்டி. அறுத்த அந்த நான்கு துண்டுகளையும் டாக்டரம்மாவின் மேஜை மேல் வரிசையாக வைத்துக் காட்டியபிறகுதான் முதல் போல்ட்டை இறுக்கினார். அந்த அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது போதும் என்றார்.

கூடம் திறந்த அன்று மூன்று பேரும் போயிருந்தார்கள். மச்சானுக்கு இடது கண்ணில் கட்டுப் பிரித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ் டிரைவர் முதல் தாங்கியைப் பிடித்து எழுந்தார். இடையில் நின்றுபோன நாட்களில் உடம்பு கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. ஆறு ஸ்டாப்புக்கு மேல் முடியவில்லை. டாக்டரம்மா போதும் என்றார். டிரைவரின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ரசமட்டத்துக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கயிறு கட்டாமல் இருந்திருந்தால் இந்நேரம் இருபது ஸ்டாப் போயிருப்பார் என்று ஒரு கணம் தோன்றியது. மச்சான் எழுந்து போய் டிரைவரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, அவர் உட்கார வசதியாகப் பின்னால் பிடித்தார். டிரைவர் உட்கார்ந்ததும் தலையைத் திருப்பி, “கண்ணு எப்படி?” என்று கேட்டார். ஒன்று தேவலை, இன்னொன்று க்யூவில் நிற்கிறது என்று மச்சான் சொன்னார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கண்ணும் சரியானபிறகு மச்சான் பட்டறைக்கு வந்தார். வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தார். கூரையில் நூலாம்படை, ஜன்னலில் கரி, மூலையில் குப்பை. இப்படியா வைத்திருப்பீர்கள் என்று சத்தம் போட்டார். எல்லாம் உங்கள் காலத்தில் சேர்ந்ததுதான் என்று ரசமட்டம் சொன்னார். பிறகு மச்சான், உலையடியில் கையுறையோடு நின்ற தங்கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“பாப்பா, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?”

“நல்லாக் கேட்ட போ. எல்லாரும் பாத்து முடிச்சாச்சு, நீதான் பாக்கி.”

உலையை மறுபடியும் தன் கைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் மச்சான் வந்திருந்தார். முகக்கண்ணாடிகூடப் புதிதாக, சூட்டைத் தடுக்கிற வகையாக வாங்கி வந்திருந்தார். ஆனால் அவள் கையுறையைக் கழற்றுகிற மாதிரித் தெரியவில்லை. கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவளே சொன்னாள்: மீட்டர் பார்ப்பதும் ஊற்றுவதும் இனிமேல் அவள். மணலும் அச்சும் அண்ணன். ரசமட்டம் மணலைத் தொடவே கூடாது. ஆர்டர் போனை யார் எடுப்பது என்று ரசமட்டம் கேட்டார். அது அடிக்கிறபோது யார் கை சுத்தமாக இருக்கிறதோ அவர் எடுக்கட்டும் என்றாள்.

மச்சான் புதுக் கண்ணாடியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தங்கையிடம் நீட்டினார். அவள் பழையதைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தாள். பொருந்தியது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மணல் குவியல் பக்கம் போனார். ஒரு பிடி அள்ளி, கைக்குள் இறுக்கி, விரித்துப் பார்த்து, ஈரம் போதாது என்று ரசமட்டத்தைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். அது என் பக்கத்துக் குழாய் என்று சொல்லிக்கொண்டே ரசமட்டம் வாளியை எடுத்தார்.